பல்கலைக்கழக உத்தியோகமும் சமவாய்ப்பும்

சென்ற ஆண்டில் ஒருநாள் மாலை, என்னிடம் முன்னர்த் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பித்திருந்த அவருக்கு, நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைப்புக் கடிதம் கிடைத்திருந்தது. கடிதத்தைக் காட்டி மகிழ்ந்தார், யானும் மகிழ்ந்தேன். தேநீர் அருந்தி முடித்தபின் சிறிது தயங்கி, "ஐயா, அந்தத் தெரிவுக்குழுவிலை உங்களுக்கு ஆரையேன் தெரியுமோ?" என்று வினவினார்.

முதல் வகுப்பிற் சித்தியெய்திய பிள்ளை அவர். தாம் கற்ற கல்வி தம்மை அப்பதவியில் அமர்த்தும் என நம்பாது, தம் ஆசிரியனுக்கு எவரைத் தெரியும் என்பதை நம்பி வந்திருந்தார். அவ்வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, இலக்கியம் பற்றி எழுதுவதினும் அவ்வினா எழுந்த காரணத்தை ஆராய்வதே தக்கதெனத் துணிந்தேன்.

பாரபட்சம் என்பது யாது?

ஒரு பதவிக்கு நாற்பதின்மர் விண்ணப்பித்தால் ஒருவரைத் தெரிந்து முப்பத்தொன்பதின்மரை விலக்குதல் தவிர்க்கவியலாதது. ஆதலின் வேறுபாடு காண்பது மாத்திரமே குற்றமாகாது. எதனைக் கொண்டு வேறுபாடு காண்கின்றோம் என்பதிலேயே நீதியும் அநீதியும் தங்கியுள்ளன. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1958ஆம் ஆண்டில் ஏற்ற 111ஆம் இலக்கச் சமவாயம் இதனைத் தெளிவாக வரையறுக்கின்றது. இனம், நிறம், பால், சமயம், அரசியற் கருத்து, தேசியத் தோற்றம், சமூகத் தோற்றம் என்பவற்றைக் காரணமாகக் கொண்டு தொழிலிற் சமவாய்ப்பைக் கெடுக்கும் எந்த வேற்றுமையும், விலக்கலும், சலுகையும் பாரபட்சமாகும். குறித்த தொழிலுக்கு இயல்பாகவே வேண்டப்படும் தகைமையைக் கேட்பது பாரபட்சமாகாது. இலங்கை இச்சமவாயத்தை 1998இல் ஏற்று உறுதிசெய்தது.

இவ்வரைவிலக்கணத்திற் சலுகை என்னுஞ் சொல்லும் இடம்பெற்றிருத்தலை அன்பர்கள் நோக்குக. ஒருவரை வேண்டாமென ஒதுக்குவதை மாத்திரமே நாம் அநீதி என எண்ணிப் பழகிவிட்டோம். நம்மவர் ஒருவரை முன்னே தள்ளுவதை அன்பு என்றும் நன்றி என்றும் சொல்லிக் கொள்கின்றோம். நாற்காலியோ ஒன்றே. ஒருவருக்குக் காட்டிய சலுகை மற்றொருவருக்கு இழைத்த விலக்கலாகவே முடியும்.

எல்லாத் தொழிலிடங்களிலும் இது தீதேயாயினும் பல்கலைக்கழகத்தில் இதன் தீமை பெரிது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அங்கு ஒருமுறை நியமனம் பெற்றவர் முப்பது ஆண்டுகளுக்குமேல் அப்பதவியில் இருத்தல் கூடும். ஒரு பிழையான தெரிவு ஒரு தலைமுறையின் பிழையாகி விடுகின்றது. இரண்டாவது, இன்று தெரிவுசெய்யப்பட்டவரே நாளை தெரிவுக்குழுவில் அமர்வார். ஆதலால் சாய்வு தன்னைத்தானே ஈன்று பெருகும். மூன்றாவது, நெல்லை மரக்காலால் அளப்பதுபோலக் கல்வியை அளத்தல் இயலாது. ஆய்வின் தரம், போதிக்கும் ஆற்றல் ஆகியன அறிஞர்தம் மதிப்பீட்டாலேயே துணியப்படுவன. மதிப்பீடு புகும் வாயிலால் விருப்பு வெறுப்பும் உடன் புகும். புகுந்தபின் அதுவும் மதிப்பீடு என்றே பெயர் பெறும்.

விரிவுரையாளர் மாத்திரமன்றி, எழுதுவினைஞர், நூலக உதவியாளர், ஆய்வுகூடப் பணியாளர், காவலாளர் முதலிய போதனைசாரா ஊழியரும் பல்கலைக்கழகத்தாரே என்பதை மறத்தலாகாது. சிபாரிசு என்னும் நோய் அப்பதவிகளையே பெரிதும் பற்றுவது, பேசப்படுவதோ குறைவு.

குடவோலை தரும் இரு பாடங்கள்

இவையெல்லாம் மேல்நாட்டார் தந்த புதுக்கொள்கைகள் என எண்ணுவார்க்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நினைவூட்டுதல் வேண்டும். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையை வகுக்கின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டனர். அவர் மாத்திரமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். உறவு நீதியைக் கெடுக்கும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் அறிந்திருந்தனர் என்பது முதற்பாடம்.

ஆயினும் அக்கல்வெட்டு இரண்டாவது பாடமொன்றையும் தருகின்றது. அதனை நாம் பெரும்பாலும் மேடைகளிற் சொல்வதில்லை. அக்குடத்திற் பெயர் இடப்பெறுவதற்கு இறையிறுக்கும் நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதும் வேண்டும். உழுது பயிரிட்டோர் பெயர் அக்குடத்தில் இல்லை; பெண்டிர் பெயரும் இல்லை. ஓலை எடுத்த முறை மாசற்றது. குடத்துள் எவர் பெயர் புகலாம் என்னும் விதியிலேயே பலர் விலக்கப்பட்டுவிட்டனர். இன்றைய பல்கலைக்கழக நியமனங்களை ஆராய்வோரும் இவ்விரு வினாக்களையுமே வினவுதல் வேண்டும். ஓலை நேர்மையாக எடுக்கப்பட்டதா? எவருடைய ஓலை குடத்திலேயே இடப்படவில்லை?

சமயம் இட்ட தாழ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இங்கிலாந்துத் திருச்சபையினர்க்கே உரியனவாக இருந்தன. அத்திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிடாதார் அங்குப் பதவி பெறுதல் அரிது. யேம்ஸ் யோசெப் சில்வெஸ்ரர் என்னும் கணித மேதை 1837இற் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றார். அவர் யூதர், கையொப்பமிட மறுத்தார். பட்டமே கொடுக்கப்படவில்லை, பதவியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. சமய நிபந்தனையின்றி நிறுவப்பட்ட இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரி அவருக்கு ஆசிரியப் பதவி அளித்தது. பின்னர் அவர் காப்புறுதித் துறையிலும் படைக் கல்லூரியிலும் பணியாற்ற நேர்ந்தது. 1876இல் அமெரிக்காவின் யோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது; அந்நாட்டின் கணித ஆராய்ச்சி வேரூன்ற அவர் பெருங்காரணராயினார்.

1869இல் நூமா ஹாற்றொக் என்னும் மற்றொரு யூத இளைஞர் அதே பரீட்சையில் முதலிடமே பெற்றார். கல்லூரி ஆய்வாளர் பதவிக்கு அவர் செல்ல முடியாதவாறு சமய நிபந்தனை தடுத்தது. அவர் நிகழ்ச்சி நாட்டின் மனச்சான்றைத் தொட்டது. 1871ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சமயச் சோதனைச் சட்டம் அந்நிபந்தனைகளைப் பெரும்பாலும் நீக்கிற்று. ஹாற்றொக் அவ்வாண்டிலேயே இளவயதில் இறந்தார். சில்வெஸ்ரருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது 1872இல். பரீட்சையெழுதி முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின்!

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், பின்னர் இந்துக் கல்லூரிகள் எழுந்ததும், கல்வியும் அதன்வழி வரும் உத்தியோகமும் பிறசமயத்தார் கையில் இருந்த நிலையை மாற்றுவதற்கன்றோ? நம் சமயத்தைக் காரணமாகக் கொண்டு நம்மைப் பின்னிறுத்தியபோது நாம் நொந்தோம். நொந்து நமக்கென வாயில்களைத் திறந்தோம். ஆனால் அவ்வாயில்கள் எல்லார்க்கும் திறந்தனவா? 1930ஆம் ஆண்டளவில், அரசாங்க உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருத்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பை வரலாறு பதிந்து வைத்துள்ளது. வாங்கிலே உடன் இருக்க விடப்படாத பிள்ளை பிற்காலத்தில் விரிவுரையாளர் பதவிக்கு எவ்வாறு விண்ணப்பித்தல் கூடும்? குடத்தில் ஓலை இல்லாமற்போவது பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிடுகின்றது.

சம்பளமில்லா மேதை

பெண்மக்கள் வரலாறு இன்னும் வருந்தத்தக்கது. எம்மி நோத்தர் என்னும் ஜேர்மானியப் பெண்மணி 1907இற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஏழாண்டுகள் சம்பளமின்றி ஆராய்ச்சி செய்தார். 1915இல் ஹில்பேட், கிளைன் என்னும் பேரறிஞர் இருவர் அவரைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தனர். விரிவுரை செய்யும் உரிமையைப் பெண்ணுக்கு அளிக்கலாகாதென ஆசிரியர் சிலர் தடுத்தனர். இது பல்கலைக்கழகமேயன்றி நீராடுந் துறையன்றே, ஆண் பெண் எனப் பிரித்தற்கு என ஹில்பேட் சினந்து கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. சில ஆண்டுகள் நோத்தரின் விரிவுரைகள் ஹில்பேட்டின் பெயராலேயே அறிவிக்கப்பட்டன. இயற்பியலின் அடித்தளங்களுள் ஒன்றாக இன்று போற்றப்படும் அவருடைய தேற்றம் 1918இல் வெளிவந்தது; விரிவுரை செய்யும் உரிமை 1919இலேயே கிடைத்தது. உண்மையான பேராசிரியர் பதவி அங்குக் கிடைக்கவேயில்லை.

1933ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் தேதி நாசி அரசாங்கம் இயற்றிய சட்டம் யூதரை அரச உத்தியோகங்களிலிருந்து நீக்கிற்று. நோத்தரும் மக்ஸ் போர்னும் வேறு பலரும் கோட்டிங்கனை விட்டகன்றனர். நோத்தர் அமெரிக்காவிற் பெண்கள் கல்லூரி ஒன்றிற் பணியாற்றி 1935இற் காலமானார். உலகின் கணிதத் தலைநகரெனப் புகழ்பெற்ற கோட்டிங்கன் சில மாதங்களில் அப்புகழை இழந்தது. பாரபட்சத்தால் விலக்கப்பட்டவர் துன்புறுவர். விலக்கிய கழகமோ வறுமையுறும்.

சட்டம் வந்தபின் ஒளிந்துகொண்ட சாய்வு

சட்டம் இயற்றினால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுதல் பேதைமை. ஐக்கிய அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டம் தொழிலிற் பாரபட்சத்தைத் தடுத்ததாயினும், கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் நியமனங்களுக்கு விலக்களித்திருந்தது; அவ்விலக்கு 1972இலேயே நீக்கப்பட்டது. இடைக்காலத்தில், அரசாங்கத்தோடு ஒப்பந்தஞ் செய்வோர் பாரபட்சங் காட்டலாகாதெனக் கூறிய 1965ஆம் ஆண்டுச் சனாதிபதி கட்டளையைத் துணைக்கொண்டு, பேர்னீஸ் சாண்ட்லர் என்னும் பெண்மணி 1970 முதல் பல பல்கலைக்கழகங்கள்மீது முறைப்பாடு செய்தார். தாம் கற்பித்த பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவிக்குத் தம்மை ஏன் கருதவில்லையென அவர் வினவியபோது, ஒரு பெண்ணுக்கு வேண்டுமளவினும் மிடுக்கு மிக்கவர் என்பதே விடையாயிருந்தது. அக்கட்டளை 2025ஆம் ஆண்டு சனவரியில் இரத்துச் செய்யப்பட்டது. ஒரு கையொப்பத்தால் வந்த காவல் மற்றொரு கையொப்பத்தால் நீங்குதல் கூடும் என்பதற்கு இது சான்று.

மசாசுசெற்ஸ் தொழினுட்பவியல் நிறுவனம் உலகப் புகழ் வாய்ந்தது. அங்கு 1994இல் விஞ்ஞான பீடத்தில் நிரந்தரப் பதவி வகித்த பெண்கள் பதினைவரே. ஆண்களோ ஏறத்தாழ இருநூற்றுவர். ஆய்வுக்கு இடம் போதாதெனப் பலமுறை கேட்டுச் சலித்த நான்சி ஹொப்கின்ஸ் என்னும் உயிரியற் பேராசிரியர், அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடங்களை அளந்தார்; ஆண் ஆசிரியர்க்கு ஒதுக்கப்பட்ட இடம் மிகுதி எனக் கண்டார். அங்குள்ள பெண் பேராசிரியர் ஏனையோரும் தம் குறைகளை ஒப்புநோக்கினர். ஒவ்வொருவரும் தமக்கு மாத்திரமே நேர்ந்ததென எண்ணியிருந்தது எல்லார்க்கும் நேர்ந்திருந்தது! 1999இல் வெளியான அறிக்கையின் முன்னுரையில், நிறுவனத் தலைவர் சார்ள்ஸ் வெஸ்ற், குறை வெறுந்தோற்றமன்று, பெரும்பாலும் உண்மையே என ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதும் ஒரு பெருந்தன்மையே.

2012இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. ஆய்வுகூட முகாமையாளர் பதவிக்கான ஒரே விண்ணப்பத்தை 127 விஞ்ஞானப் பேராசிரியர்க்கு அனுப்பினர். சிலரிடம் சென்ற பிரதியில் ஆணின் பெயர் இருந்தது. சிலரிடம் சென்றதிற் பெண்ணின் பெயர். வேறொரு சொல்லும் மாறவில்லை. ஆணுக்குக் கொடுக்கலாமென அவர்கள் குறித்த ஆண்டுச் சம்பளம் சராசரி 30,238 டொலர். பெண்ணுக்கு 26,508 டொலர். பெண் பேராசிரியரும் ஆண் பேராசிரியரைப் போலவே பெண்ணைக் குறைத்து மதித்தனர். அவர்களுள் எவரும் தம்மைப் பாரபட்சமுடையார் என்று கருதியிரார். சாய்வு தீயவர் நெஞ்சில் மாத்திரம் உறைவதன்று. நல்லவர் பழக்கத்திலும் உறைவது.

எண்ணும் முறையே நீதியாகும் இடம்

அயல்நாடாகிய இந்தியாவில், வரலாற்று அநீதியை ஈடுசெய்தற்கு மத்திய பல்கலைக்கழக ஆசிரியப் பதவிகளில் அட்டவணைச் சாதியினர்க்கு 15 வீதமும், பழங்குடியினர்க்கு 7.5 வீதமும், ஏனைய பிற்பட்ட வகுப்பினர்க்கு 27 வீதமும் ஒதுக்கப்பட்டன. 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்த பிறர்க்கு 10 வீதமும் சேர்க்கப்பட்டது. இங்கு நாம் கருதவேண்டியது வீதத்தையன்று, எண்ணும் முறையை.

பல்கலைக்கழகம் முழுவதையும் ஓரலகாகக் கொண்டால் இருநூறு பதவிகளில் முறையே 30, 15, 54 என முதல் மூவகுப்பினர்க்கும் 99 பதவிகள் சேரும். 2017இல் அலகபாத் உயர்நீதிமன்றம், துறை ஒவ்வொன்றையும் தனி அலகாகக் கொள்ளல் வேண்டுமெனத் தீர்த்தது. துறைவாரியாக எண்ணும்போது நான்காவது பதவி பிற்பட்ட வகுப்பினர்க்கும், ஏழாவது அட்டவணைச் சாதியினர்க்கும், பதினான்காவது பழங்குடியினர்க்கும் என வரிசை அமையும். ஒரு துறையில் மூன்று பதவிகளே உண்டாயின்? முதற் சுற்றில் ஒதுக்கீடு ஒன்றுமில்லை. மூன்று பதவிகள் கொண்ட ஐம்பது துறைகள் ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 150 பதவிகள். முழுவதையும் ஓரலகாக எண்ணினால் ஏறக்குறைய 74 பதவிகள் மேற்கூறிய மூவகுப்பினர்க்கும் சேரும்; துறைவாரியாக எண்ணினால் அம்முதற் சுற்றில் ஒன்றேனும் சேராது. சட்டத்தின் வீதத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. பயனோ முற்றும் மாறிவிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, 2019ஆம் ஆண்டில் முதலில் அவசரச் சட்டத்தாலும் பின்னர்ப் பாராளுமன்றச் சட்டத்தாலும் பல்கலைக்கழகம் முழுவதும் ஓரலகென மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

ஒதுக்கீடு நம் நாட்டுக்கு ஏற்றதா என்பது வேறு விவாதம். பல்கலைக்கழக அனுமதியில் 1970களிற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தலால் நம் பிள்ளைகள் பட்ட துயரம் இன்னும் ஆறாதது. ஆதலின் நம்மவர் இவ்விடயத்திற் கருத்து வேறுபடுதல் இயல்பே. எனினும், சுற்றறிக்கையின் மூலையிலே கிடக்கும் எண்ணும் விதியொன்று ஆயிரம் பேரின் வாழ்வை மாற்றும் என்பதை எவரும் மறுத்தல் இயலாது.

நம் நாட்டுச் சட்டம்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்றும், இனம், சமயம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் என்பவை காரணமாக எந்தக் குடிமகனுக்கும் பாரபட்சங் காட்டலாகாதென்றும் விதிக்கின்றது. அரச நிருவாகச் செயலால் இவ்வுரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச்செய்யலாம். அக்கால எல்லையை அறியாது காலங்கடத்தி வருந்தியோர் பலர். ஆதலின் இதனை நன்கு நினைவிற் கொள்க. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், ஆட்சேர்ப்பு விதிகளுக்கு மாறான நியமனங்களையும் பதவியுயர்வுகளையும் விசாரித்தற்கு மேன்முறையீட்டுச் சபை ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உடற்குறை காரணமாகத் தொழிலிற் பாரபட்சங் காட்டுதலைத் தடுக்கின்றது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், புள்ளி வழங்கிய முறையைக் கேட்டறிய வழி திறந்துள்ளது.

இனி, மறைமுகப் பாரபட்சம் என்பதொன்று உண்டு. விதி எல்லார்க்கும் பொதுவெனத் தோன்றும். அதன் பாரமோ ஒரு சாராரையே அழுத்தும். அமெரிக்க உயர் நீதிமன்றம் 1971இல், தொழிலுக்குத் தொடர்பில்லாத பரீட்சை ஒரு சாராரை விலக்குமாயின், தீய நோக்கம் இல்லாதவிடத்தும் அது தகாதெனத் தீர்ப்பளித்தது. மேல்மாடியில் மாத்திரம் நேர்முகப் பரீட்சை நடத்துதல், சக்கர நாற்காலியில் வருவார்க்கு மூடிய கதவாகும். கடமைக்கு வேண்டாத மொழியறிவை நிபந்தனையாக்குதல் எத்தகைய காயத்தை உண்டாக்கும் என்பதை 1956ஆம் ஆண்டின்பின் நாம் அநுபவித்தறிந்தோம். அறிந்த நாமே, "கலியாணம் முடித்தபின் வேலையைத் தொடர்வீரோ?" என ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கின்றோம், அவளருகில் இருக்கும் ஆண்பிள்ளையிடம் அதனைக் கேட்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் முதற் பெண் துணைவேந்தராக வசந்தி அரசரத்தினம் அவர்கள் பதவியேற்றது 2011இல்.

யான் செய்த பிழை

பிறர் குற்றமே பேசி முடித்தல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் எழுதுவினைஞர் பதவிக்கு ஆள் தெரியும் குழுவில் யானும் ஒருவனாக இருந்தேன். நன்கு விடையிறுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம், வழக்கம்போல, "தம்பி எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அன்பாகவே கேட்டேன் என நம்பினேன். அவர் முகம் வாடிற்று. அதன்பின் அவர் விடைகள் தடுமாறின. அவ்வினா நம் நாட்டில் எதனை அறிதற்குக் கேட்கப்படுவது என்பது அவருக்குத் தெரியும், எனக்குந் தெரியும். புள்ளித்தாளில் "தன்னம்பிக்கை குறைவு" என எழுதிக் கையொப்பமிட்டேன். அவரை நாங்கள் தெரிந்தெடுக்கவில்லை. அவருடைய தன்னம்பிக்கையைக் குறைத்தவன் யானே என்பது வீடு வந்தபின்னரே எனக்கு விளங்கிற்று. அத்தாளைத் திரும்பப் பெறும் துணிவு அன்று எனக்கு இருக்கவில்லை.

செய்யத்தக்கன

உலக அநுபவத்திலிருந்து தெளியும் வழிகள் சில. வெற்றிடத்தை யாவரும் காணுமாறு, போதிய காலம் தந்து, மும்மொழியிலும் விளம்பரப்படுத்தல் வேண்டும். தகைமைகளையும் ஒவ்வொன்றுக்குமுரிய புள்ளிகளையும் விண்ணப்பங்களைப் பார்க்குமுன்னரே எழுதி வைத்தல் வேண்டும்; பார்த்தபின் எழுதும் அளவுகோல், வேண்டியவரின் உயரத்துக்கேற்ப வெட்டப்படும். எல்லா விண்ணப்பதாரிகளிடமும் ஒரே வினாக்களை ஒரே ஒழுங்கிற் கேட்டல் வேண்டும். ஊர், குடும்பம், திருமணம், சமயம் பற்றிய வினாக்களை அறவே நீக்குதல் வேண்டும். குழுவினர் தம்முட் கலந்து பேசுமுன் தத்தம் புள்ளிகளைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். உறவினரோ, தம் நேரடி மாணவரோ விண்ணப்பித்திருப்பின் அவ்வுறுப்பினர் அதனை வெளியிட்டு எழுந்து செல்லல் வேண்டும். உத்தரமேரூரார் இதனினும் கடுமையாக இருந்தனர். தெரிவுசெய்யப்படாதவர் காரணங் கேட்டால், எழுத்திற் கொடுக்கத்தக்க காரணம் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் அழைக்கப்பட்டனர், எவர் நியமனம் பெற்றனர் என்பதை வகைப்படுத்தி வெளியிடல் வேண்டும். ஹொப்கின்ஸ் அம்மையாரின் அளவுநாடா நமக்குக் கற்பித்தது இதுவே: அளவாத குறை நம்பப்படுவதில்லை.

இவற்றால் தரம் தாழும் என்பார் உளர். சில்வெஸ்ரரையும் நோத்தரையும் விலக்கியபோது தரம் உயர்ந்ததா என அவரை வினவுக. தகுதியைக் கண்டறிய விரும்புவார்க்கு, தகுதியை மறைக்கும் திரைகளை நீக்குவது உதவியேயன்றி இடையூறன்று.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

இம்மலரைப் படிப்போருள் தெரிவுக்குழுக்களில் அமர்வோரும், நற்சான்றுப் பத்திரம் எழுதுவோரும், தொலைபேசியில் ஒரு சொல் சொல்லத்தக்க நிலையில் உள்ளோரும் பலர். "நம்மடை கல்லூரிப் பிள்ளை" என்னும் சொல்லில் எவ்வளவு இனிமை உண்டோ அவ்வளவு ஆபத்தும் உண்டு. அன்பையே பற்றுக்கோடாகக் கொண்டு, அறியவேண்டுவன அறியாதாரைத் தெளிதல் எல்லாப் பேதைமையுந் தருமென வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் உணர்த்தியதை நாம் வகுப்பிற் படிப்பித்தோம், படித்தோம். கல்லூரிப் பற்று நூலகத்துக்கு நூல் வாங்கித் தருவதிலும், வறிய மாணவர்க்கு உதவுவதிலும், விளையாட்டுத் திடலிலும் மலர்க. தெரிவுக்குழுவின் கதவருகே அதனைக் கழற்றி வைத்துச் செல்லல் வேண்டும். விண்ணப்பப் படிவம் நிரப்பவும், ஆய்வுக் கட்டுரை எழுதவும், நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யவும் இளைஞர்க்குப் பயிற்சி அளிப்போமாக. எக்கல்லூரிப் பிள்ளை வந்தாலும் அளிப்போமாக.

என் மாணவருக்கு அன்று யான் சொன்ன விடை, "எனக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது, தம்பி" என்பது. அது முழு உண்மையன்று. அக்குழுவில் ஒருவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். பேசுவதற்கு நா எழுந்தது, அடக்கினேன். ஈரிரவுகள் அவரோடிருந்து நேர்முகப் பரீட்சைக்கு வேண்டியவற்றைப் படிப்பித்தேன். நாற்பதின்மருள் ஏனையோர்க்கும் இவ்வாறு ஓர் ஆசிரியன் இருந்தானா என்னும் எண்ணம் அப்போதும் நெஞ்சை உறுத்திற்று. முடிவு இதனை எழுதும்வரை வரவில்லை. அவருக்குப் பதவி கிடைப்பின் மகிழ்வேன். கிடையாதாயின், அவரினும் வல்லவர் ஒருவருக்குக் கிடைத்தது என்று அவரும் யானும் நம்பத்தக்கதாக அத்தெரிவு நடந்திருத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுதல். அந்நம்பிக்கையை இந்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தரும் பணியில் நம் கல்லூரியின் பழைய மாணவர் முன்னிற்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைசெய்க.